நின்று நின்று நடக்கும் பூனை

1. டிரேயில் வந்த துரை

அந்தப் பூனை என் கடைக்குத் திராட்சை டிரேயில் வந்தது. ஒரு பிளாஸ்டிக் டிரேயின் மேல் இன்னொன்றைக் கவிழ்த்து, இரண்டையும் சணல் கயிற்றால் சுற்றிக் கட்டி, காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம் வந்து பஸ் மாறி, தேனி வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார் ராஜாங்கம். திராட்சைத் தோட்டக்காரர். அறுபதை நெருங்கும் வயது. முழங்கையில் புதுச் சிராய்ப்பு.

"இன்ஸ்பெக்டரம்மா கடை இதானே?" என்றார்.

நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டிருக்கிறேன். ஊர்க்காரர்களுக்கு அன்றும் இன்றும் நான் இன்ஸ்பெக்டரம்மாதான். விவரம் தெரியாதவர்கள் போலீஸ் என்று நினைத்து இரண்டடி தள்ளி நிற்பார்கள். நானும் திருத்துவதில்லை. பேரம் பேசுகிறவர்கள் குறைவார்கள்.

ஓய்வுக்குப் பிறகு அல்லிநகரத்தில் வீட்டின் கீழ்த்தளத்திலேயே செல்லப்பிராணிக் கடை போட்டேன். பெரிய ரகப் பூனைகளுக்கு ஹார்னஸ் என்கிற நெஞ்சு வார் பார்த்துக் கொடுப்பதும், அதில் கோக்கும் லீஷ் கயிற்றில் அவற்றை நடக்கப் பழக்குவதும் பிறகு வந்து சேர்ந்த வேலை. "பூனைக்கே கயிறுன்னா, அடுத்து கோழிக்கு மூக்கணாங்கயிறு போடுவீகளாக்கா?" என்று எதிரே ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் கேட்காத நாள் கிடையாது. வெளியூரில் ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைகளும், போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற வீடுகளும் ஏழெட்டுக் கிலோ எடையுள்ள மெய்ன் கூன் பூனைகளை வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது. அவ்வளவு பெரிய பூனையை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தால் திரைச்சீலை மிஞ்சாது. வெளியே விட்டால் பூனை மிஞ்சாது. லீஷ் தவிர வேறு வழியில்லை.

ராஜாங்கம் டிரேயைத் தரையில் வைத்தார்.

"இதுக்கு நல்ல வாரு ஒண்ணு பாத்துக் குடுங்க. நடக்கவும் பழக்கி விடுங்க. ரோட்டுல சண்டித்தனம் பண்ணுது. முந்தாநாள் நடுரோட்டுல உக்காந்துக்கிருச்சு. எஸ்டேட்டுக்குப் போன ஜீப்பு திரும்பி வருது, இழுத்தா வர மாட்டேங்குது. அங்கனயே உக்காந்து மேல பாத்துக்கிட்டிருக்கு. பாஞ்சு தூக்கினேன், ரெண்டு பேரும் உருண்டோம். டிரைவரு எம் பரம்பரையவே இழுத்து வஞ்சிட்டுப் போறான்."

"யாரு வளத்த பூனைண்ணே?"

"மக வளத்தது. பெங்களூர்ல."

"மக இப்ப எங்க இருக்காக?"

அவர் சணல் கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே அவிழ்த்தார். "இல்ல," என்றார். "மாசி மாசம் தவறிப்போச்சு. ஹார்ட்டுன்னு சொன்னாக. தூக்கத்துலயே."

 அவரே சொன்னார். "ஒரே பிள்ள. நிவேதான்னு பேரு. அவ சாமானோட சாமானா இதுவும் வந்துச்சு. துரைன்னு பேரு வச்சிருக்கா. வீட்டுல மிஞ்சுனது இதான். இதுவும் ரோட்டுல அடிபட்டுப் போச்சுன்னா எம் பொண்டாட்டி தாங்க மாட்டா."

தான் தாங்குவாரா என்று அவர் சொல்லவில்லை.

2. ரோமத்தை நம்பாதே

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஹார்னஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரிய பூனையின் ரோமம் பார்ப்பவரை ஏமாற்றும். பார்த்தால் ஆட்டுக்குட்டி அளவு இருக்கும். கையை நனைத்து ரோமத்தை அழுத்தி, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை எடுத்தால் பாதி ஆள் காணாமல் போய்விடுவார். ரோமத்துக்கு மேல் அளந்து வாங்கியவர்கள் எல்லோரும் என்னிடம் திரும்பி வந்திருக்கிறார்கள், சிலர் பூனை இல்லாமல்.

நாய் ஹார்னஸைப் பூனைக்குப் போடக் கூடாது. நாய் முன்னால் இழுக்கும். பூனை பயந்தால் பின்னால் நகரும். தோளை ஒடுக்கி, தலையைத் தாழ்த்தி, சட்டையைக் கழற்றுவதுபோல் கழன்று போய்விடும். அதனால் ஹார்னஸ் மாட்டியதும் லீஷை முன்பக்கம் பிடித்துப் பூனையைப் பின்னால் போகவிட்டுப் பார்க்க வேண்டும். கழலவில்லை என்றால்தான் வாசலைத் திறக்கலாம். நம் ஊர் வெயிலுக்கு வலைத்துணியில் தைத்த, ஜாக்கெட் போன்றது நல்லது. வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வேண்டாம். அதைப் பிரிக்கும் 'பர்ர்' சத்தத்துக்குப் பூனை கட்டிலுக்கடியில் போனால் அடுத்த வேளை சோற்றுக்குத்தான் வரும். கொக்கி வைத்ததாகப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட நம் ஆட்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கையில் கயிறு வந்ததும் மாட்டைப் பிடித்துப் போவதுபோல் முன்னால் நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். பரம்பரைப் பழக்கம், கை தானாக இழுக்கும். மாட்டுக்கு முன்னால் போக வேண்டும், நாய்க்குப் பக்கத்தில் போக வேண்டும், பூனைக்குப் பின்னால் போக வேண்டும். பூனை போகும் இடத்துக்குத்தான் நாம் போக முடியும். பிறகுதான் தீனி காட்டி, மெல்ல நம் வழிக்குத் திருப்புவது. ராஜாங்கமும் கம்பத்தில் வாங்கிய நாய் ஹார்னஸை மாட்டி, ஆட்டுக் கயிற்றில் கட்டி, முன்னால் நின்று இழுத்திருந்தார். அது நடுரோட்டில் உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன்.

டிரேயைத் திறந்தால் சாம்பல் நிறத்தில், காது நுனியில் குஞ்சம் வைத்து, நிஜமாகவே ஒரு துரை எழுந்து நின்றார். விரித்திருந்த துண்டுக்கு அடியில் ஒரு பழைய ஹார்னஸ் இருந்தது. ராஜாங்கத்துக்கே அது தெரியவில்லை. "எம் பொண்டாட்டி பாண்டியம்மா வச்சிருப்பா. பீரோவுல பூட்டி வச்சிருந்தா, எனக்குத் தர மாட்டேன்னா," என்றார். நல்ல ஹார்னஸ், நான் தேர்ந்தெடுத்திருந்தாலும் அதையேதான் எடுத்திருப்பேன். அளவு சரியாக வைத்துப் பட்டைகளின் நுனியைத் தைத்திருந்தார்கள். கொக்கியில் ஒரு நீளமான முடி சுற்றியிருந்தது. பூனையின் முடி இல்லை. நான் அதை எடுக்கவில்லை.

ஹார்னஸைத் தரையில் வைத்ததும் பூனை தானே வந்து தலையை நுழைத்து, முன்னங்காலைத் தூக்கிக் கொடுத்தது. நான் ஆறு வாரம் பழக்கினாலும் சில பூனைகளிடம் அது வராது. நன்றாகப் பழகிய பூனைக்கு எதற்கு என்னிடம் வேலை என்று தோன்றியது. "சரிண்ணே, கொஞ்ச நாள் இங்கன இருக்கட்டும்," என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தேன்.

3. முற்றத்தில் நடந்தது

கடைக்குப் பின்னால் உயரமான சுற்றுச்சுவர் வைத்த சிமென்ட் முற்றம் இருக்கிறது. மறுநாள் பத்து மணி வெயிலில் துரையை அங்கே இறக்கிவிட்டு, லீஷைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அழகாக நடந்தது. சில எட்டுகள் வைத்ததும் நின்று, உட்கார்ந்தது.

பயந்து உறைகிற பூனையை எனக்குத் தெரியும். வயிறு தரையில் ஒட்டும், காது பின்னால் படியும், கண்மணி கரிய வட்டமாக விரியும். இது அப்படி இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, வாலைக் காலைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, தன் வலப்பக்கம் மேலே பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. சுவரும், துணி காயப்போடும் கொடியும் மட்டும் இருந்தன. என் தோள் உயரத்தில் ஒரு இடத்தைப் பார்த்து மெல்லக் கண்ணை மூடித் திறந்தது. பூனை தனக்கு வேண்டியவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் அப்படிச் செய்யும். கொஞ்ச நேரம் கழித்து, யாரோ 'வா' என்று சொன்னதுபோல் எழுந்து நடந்தது. மறுபடி சில எட்டு, மறுபடி உட்கார்ந்து மேலே பார்த்தது.

தீனி காட்டினேன். மோந்துகூடப் பார்க்கவில்லை. நாக்கைச் சொடுக்கினேன். காது மட்டும் என் பக்கம் திரும்பி, மரியாதைக்குக் கேட்டுவிட்டு, மறுபடி அந்தப் பக்கமே போய்விட்டது. கயிறு என் கையில்தான் இருந்தது. ஆனால் அது என்னோடு நடக்கவில்லை.

முற்றத்திலிருந்து கடைக்குள் ஏற மூன்று படி. ஒரு படி ஏறி உட்காரும். மேலே பார்க்கும். எழுந்து அடுத்த படி ஏறி உட்காரும். ஒரே தாவில் மூன்று படியையும் கடக்கக்கூடிய பூனை அது. இரண்டு பெர்ஷியன் பூனைகளைத் தங்க வைத்திருந்தேன். துரை அப்படி ஏறிவரும்போதெல்லாம் அவை கூண்டின் பின்மூலைக்குப் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

சுடுகாட்டை ஒட்டிய மாட்டுக் கொட்டங்களில் நடுச்சாமத்தில் கன்று இழுத்துப் போட்டவள் நான். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அதனால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அடுத்த நாள் லீஷை எடுத்துவிட்டு, இழுவைக் கயிறு கட்டினேன். இது பிடி இல்லாத லேசான நூல்கயிறு. பூனை போகும்போது சும்மா பின்னால் இழுபட்டு வரும். துரை நடந்தது, உட்கார்ந்தது. கயிறு பின்னால் கிடக்கவில்லை. வலப்பக்கமாக விலகி, பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்குமோ அப்படி நேராகக் கிடந்தது. தரை வாட்டமாக இருக்கலாம் என்று ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் இடப்பக்கம் ஓடியது. குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய் விசிறியைப் போட்டு உட்கார்ந்தேன். 

அன்று மதியம் பாண்டியம்மா போன் செய்தார், ராஜாங்கத்தின் மனைவி. அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை.

"அக்கா, துரை நின்னு நின்னு நடக்குறானா?"

"ஆமா தாயி."

"நான் கோடாங்கிகிட்டக் கேட்டேன்க்கா. உடுக்கடிச்சுப் பாத்தாரு. பூனை தனியா நடக்கல, கூட ஒரு ஆளு நடக்குதுன்னாரு. எனக்கு அவரு சொல்லியா தெரியணும்? நான் முன்னாடியே பாத்துட்டேன். அவுக அப்பாகிட்டச் சொன்னா கிறுக்கச்சிங்கிறாரு. நீங்க ரோட்டுல போறதுக்கு என்ன வேணுமோ பண்ணிக்கங்க. அந்த நடைய மட்டும் மாத்திராதீகக்கா."

"நடைய மாத்தாம ரோட்டுல எப்படித்தாயி கூட்டிட்டுப் போறது? ஜீப்பு கோடாங்கிகிட்டக் கேட்டுட்டா வரும்?"

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறார் என்று தெரிந்தது. நான் பேசியது எனக்கே பிடிக்கவில்லை. உண்மையில் அந்த நடையை அழிப்பது எனக்குச் சின்ன வேலை. உட்காரும் முன்பே தீனியைக் காட்டி, உட்காராமல் நடந்தால் கொடுத்து, சில வாரம் விடாமல் செய்தால் போதும். எந்தப் பழக்கமும் மறந்துவிடும். மறந்த பிறகு திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது.

4. தீனி மூட்டை

ராஜாங்கம் வாரச்சந்தைக்கு வந்தவர் அப்படியே கடைக்கும் வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். மகளைப் பற்றிப் பேச வாய் திறந்தாலே அவருக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"ரெண்டு வருசமா வீரபாண்டித் திருவிழாவுக்கு வரலம்மா. லீவு இல்ல, வேலைங்குறா. மாடியில வீடு, லிஃப்டு கிடையாது, நீங்க வந்தா கஷ்டம்னு எங்களையும் வர விடல. வீடியோவுல பேசுனா உக்காந்தேதான் பேசுவா, மடியில இந்தப் பூனை. எந்திரிச்சு வீட்டச் சுத்திக் காட்டு ஆத்தான்னு அவ அம்மா கெஞ்சுவா. அப்புறம் காட்டுறேம்பா. பட்டணத்துக்குப் போனதும் அப்பன் ஆத்தா கசந்துட்டாக. கடைசி மூணு மாசம் நான் போனே எடுக்கல. அவ அம்மாகிட்டப் பேசட்டும்னு விட்டுட்டேன்."

டீ ஆறிப்போயிற்று. பூனையைப் பார்க்காமலே எழுந்து போனார்.

அவர் போன பிறகுதான் தீனி லோடு வந்தது. மேல்மாடியில் குடோன். ஆட்டோக்காரர் வாசலில் போட்டுவிட்டுப் போய்விட்டார், எனக்கு வீம்பு, மூட்டையை நானே தூக்கிக்கொண்டு ஏறினேன். உச்சியில் மூட்டையைப் போட்டதும் மூச்சு இரைத்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றேன். கண் இருட்டியது.

கீழே கடையில் தூங்கிக்கொண்டிருந்த துரை எப்போது வந்தது என்று தெரியவில்லை. என் கணுக்காலில் எதுவோ அழுத்தியது. பார்த்தால், என் இடது பாதத்தின்மேல் உடம்பைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. வாலைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, மேலே என் முகத்தைப் பார்த்தது. மெல்லக் கண்ணை மூடித் திறந்தது. முற்றத்தில் வெறும் இடத்தைப் பார்த்துச் செய்ததெல்லாம் இப்போது என்னைப் பார்த்து.

எனக்கு மூச்சு மெல்ல அடங்கியது. அடங்கிய அந்த நொடியில் அது எழுந்தது. ஒரு படி இறங்கி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தது.

வேண்டுமென்றே வாயைத் திறந்து இரைப்பதுபோல் மூச்சு விட்டேன். திரும்ப ஏறி வந்து காலில் சாய்ந்தது. நிறுத்தினேன். எழுந்தது.

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சண்டித்தனமும் இல்லை, வேறெதுவும் இல்லை. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிற ஒருவர் இந்தப் பூனையை நடத்திக்கொண்டு போயிருக்கிறார். அவர் நின்றால் இதுவும் நின்றது. படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து எழுந்து, மாடி வரைக்கும் கூடவே ஏறியிருக்கிறது. மூச்சு அடங்கும்வரை முகத்தைப் பார்த்துக் காத்திருக்கப் பழகியிருக்கிறது. ஒரு நாளில் வந்த பழக்கம் இல்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வந்தது. அந்தப் பெண் தூக்கத்தில் திடீரென்று போகவில்லை. நெடுநாள் சீக்கோடு இருந்து, அதை யாருக்கும் காட்டாமல் இருந்திருக்கிறாள்.

எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். மூச்சு வாங்க யாருமே இல்லாத முற்றத்தில் அது எதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தது, எது அடங்கியதும் எழுந்தது என்பது அன்றும் எனக்கு விளங்கவில்லை.

ராஜாங்கத்திடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பினேன். அந்த மனிதர் கோபத்தை வைத்துத்தான் நடமாடிக்கொண்டிருந்தார். அதைப் பிடுங்கிவிட்டால் போன் எடுக்காத மூன்று மாதம்தான் கையில் மிஞ்சும். சொல்லாமல் விட்டால், அவர் கேட்டபடி நான் அந்த நடையை அழித்துக் கொடுக்க வேண்டும். என்ன அழிகிறது என்று தெரியாமலே அவர் தன் மகளின் கடைசி நடையை அழித்துவிடுவார். அது அவருடைய பொருள். வைப்பதா அழிப்பதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

5. பந்தலுக்குள்

துரையைக் கூட்டிக்கொண்டு நானே காமயகவுண்டன்பட்டிக்குப் போனேன். முதுகில் மாட்டும் பூனைப்பை, முன்பக்கம் வட்டமாகக் கண்ணாடி வைத்தது. பஸ்ஸில் எல்லோரும் என் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"வீட்டுக்கு வேண்டாம்ணே, தோட்டத்துக்குப் போவோம்," என்றேன். ராஜாங்கம் விடுவிடுவென்று முன்னால் நடந்தார். பாண்டியம்மா சொல்லாமலே பின்னால் வந்தார்.

திராட்சைப் பந்தலுக்குள் போகாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்தூண்களுக்கு மேல் கம்பி இழுத்து, அதன்மேல் கொடி படர்ந்திருக்கும். இலை அடர்ந்துவிட்டால் மதியம் பன்னிரண்டு மணிக்கும் உள்ளே பச்சையாக இருட்டிக் கிடக்கும். வெளியே தென்னை மட்டைகளைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு இலை அசையவில்லை. உயரமானவர்கள் தலையைக் குனிந்துதான் நிற்க வேண்டும். ராஜாங்கம் குனிந்து நின்றார்.

ஹார்னஸை மாட்டி லீஷை நான் பிடித்தேன். துரை இரண்டு தூண் வரிசைகளுக்கு நடுவே நடந்தது. சில எட்டு. உட்கார்ந்தது. வலப்பக்கம் மேலே பார்த்தது.

"பாத்தீகளா? இதான். இதத்தான் சொன்னேன். ஒரு வாரமா என்னத்தம்மா பழக்குனீக?" என்றார் ராஜாங்கம்.

"அண்ணே, இது சண்டித்தனம் இல்ல. இது ஒரு ஆளுக்காக நிக்கிது. அந்த ஆளுக்கு நாலு எட்டு வச்சா மூச்சு வாங்கியிருக்கு. நின்னு நின்னுதான் நடக்க முடிஞ்சிருக்கு. அடங்குற வரைக்கும் இது பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருந்திருக்கு. ரொம்ப நாளா."

"எந்த ஆளுக்கு?"

நான் துரையின் பழைய ஹார்னஸைப் பார்த்தேன்.

"எம் மகளுக்கா?" என்றார். சிரிப்பதுபோல் வாய் கோணியது. "அவ ஓட்டப்பந்தயத்துல கப்பு வாங்குனவம்மா. இந்தப் பந்தலுக்குள்ள அவ ஓடுனா என்னால பிடிக்க முடியாது. அவளுக்கா மூச்சு..."

 தூணைப் பிடித்துக்கொண்டார்.  பூனை இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மறுபடி பேசியபோது குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது.

"அதான் எந்திரிச்சுக் காட்டலயா."

பாண்டியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ராஜாங்கம் என்னிடம் திரும்பி, "பஸ்ஸ விட்டு எறங்கி எங்க வீட்டுக்கு எம்புட்டுத் தூரம் நடக்கணும் தெரியுமா? மேட்டுல," என்றார். "நடந்தா நாங்க பாத்துருவோம்ல. அதான் வரல. நான் போனக்கூட எடுக்காம..." கையால் நெற்றியில் அறைந்துகொண்டார். நான் அந்தக் கையைப் பிடித்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. வேலையில் இருந்த காலத்தில் மாட்டுக்காரர்கள் முன்னால் நான் அழுதது கிடையாது.

துரை எழுந்தது. நடக்கத் தொடங்கியது. ராஜாங்கம் என் கையிலிருந்து லீஷை வாங்கிக்கொண்டார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே பூனைக்குப் பின்னால் நடந்தார். காய்ந்த இலைகள் அவர் காலில் மிதிபட்டன. பூனையின் பாதத்துக்குச் சத்தம் வராது. ஆனாலும் அவர் காலடிக்கும் பூனைக்கும் நடுவில் இன்னொரு சரசரப்பு எனக்குக் கேட்டது. ஓணானாக இருக்கலாம். பாண்டியம்மா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

துரை உட்கார்ந்தது. பழக்கதோஷத்தில் நான் இடுப்புப் பையிலிருந்து தீனியை எடுத்தேன். ராஜாங்கம் திரும்பாமலே கையைக் காட்டித் தடுத்தார்.

"பொறுங்கம்மா," என்றார். "மூச்சு வாங்கிக்கிறட்டும்."

பூனை பார்த்த இடத்தை அவரும் பார்த்தார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "மெதுவா வா ஆத்தா. அவசரம் இல்ல," என்றார்.

பூனை எழுந்தது. அந்த ஒரு வரிசையைக் கடந்து முடிக்க அவர்களுக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. நான் கூப்பிடவில்லை.

அந்த நடையை நான் மாற்றவில்லை. சாலையைக் கடக்க முதுகுப்பை, நடப்பதெல்லாம் பந்தலுக்குள் என்று ஏற்பாடு செய்துகொடுத்தேன். இந்தத் தொழிலில் அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பழகிய பூனை ஒன்று புதுக் கைக்கு மாறி வந்தால், முதல் வாரம் தீனிப் பையைத் தொடுவதில்லை. பின்னால் மட்டும் நடக்கிறேன். அதன் நடையில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் எதை மாற்றுவது என்று வீட்டாரிடம் கேட்கிறேன். இளையவர்களும் அப்படியே செய்யுங்கள். அழித்துவிட்டுக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை.

போன மாதம் கம்பத்தில் ஒரு கல்யாண வீட்டில் காமயகவுண்டன்பட்டிக்காரர்கள் சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் போனதிலிருந்து ராஜாங்கம் ஆளே ஒடுங்கிப்போனாராம். எப்படி நடந்த மனுஷன், இப்போது பஜாரில் தனியாக வந்தால்கூட நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்றுவிடுகிறாராம். "வயசாயிருச்சுல்ல, மூச்சு வாங்குது போல," என்றார் ஒருவர். நான் இலையில் இருந்ததைச் சாப்பிட்டேன், மறுத்து எதுவும் சொல்லவில்லை.